பசையக்காவும் அவசரக்காரரும்

“வேரோட பிடுங்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு மண்ணை உதறத் தெரியலையா?” என்று கேட்டபடி பசையக்கா ஒரு காய்ந்த செடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறாள். கேள்விக்குரியவர் வாய் திறக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்காகப் போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிற ஆள் இல்லை பசையக்கா. தூரிகைக் காம்பால் வேரைத் தட்டுகிறாள். மேசையில் பொலபொலவென்று மண் கொட்டுகிறது. “பாருங்க, பாதி வயலையே கட்டிக்கிட்டு வந்திருக்கார்.”

அந்தத் தாவரக் காப்பகத்தின் இரண்டாவது மாடி முழுக்கச் செடிகள்தான். ஒன்றுக்கும் உயிர் இல்லை. காடு மலை என்று அலைந்த தாவர ஆராய்ச்சியாளர்கள் பறித்து, அழுத்தி, உலர்த்திக் கொடுத்துவிட்டுப் போன செடிகள் தாள்களில் ஒட்டப்பட்டு இரும்பு அலமாரிகளில் படுத்திருக்கின்றன. உள்ளே நுழைந்தால் பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறும். ஒட்டும் வேலை பசையக்காவுடையது. இலைக்குப் பசை, தடித்த தண்டுக்கு ஊசி நூல், உதிர்ந்த விதைக்குச் சின்னக் காகிதப் பொட்டலம். இதற்கு முன் சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். எந்த வேலை பிடிச்சிருக்கு என்று கேட்டால், “பொத்தான் பேசாதுங்க” என்பாள்.

செத்துப்போன பெரியவர்களின் வாழ்க்கை வரலாறு எதையும் அவள் படித்ததில்லை. அவர்களின் கைவேலைதான் அவளுக்குத் தெரியும். மண்ணோடு அனுப்பியவர் அவளுக்குச் சேத்துக்கால். தொலைதூரத் தீவுகளில் சுற்றிய இன்னொருவர் மாப்பிள்ளை. அவருடைய செடி ஒவ்வொன்றும் கல்யாணத்துக்குக் கிளம்பினது போல இருக்கும். பூ முகம் காட்டும், ஒரே ஒரு இலை மட்டும் திரும்பி முதுகைக் காட்டும். “இந்த மனுஷன் வீட்டுல துண்டுகூட நாலா மடிச்சுதான் வச்சிருப்பார்.” குறிப்பில் ‘காடு’ என்று ஒரே சொல்லை எழுதிவிட்டு நகர்ந்தவர் ஊமையர். செருப்பு அறுந்தது, மழை பிடித்தது, கூட வந்தவன் கோபித்துக்கொண்டு போனது எல்லாவற்றையும் செடியின் குறிப்பிலேயே எழுதி வைத்தவர் வாயாடி. அவர் மேல் அவளுக்குத் தனிப் பிரியம். ஒரு தம்பதியும் உண்டு. சேகரித்தவர் என்று எல்லாத் தாளிலும் கணவர் பெயர் இருக்கும், எழுத்து மட்டும் மனைவியுடையது. அவற்றை ஒட்டும்போது, “நல்லா இருங்கம்மா, உங்களை எனக்குத் தெரியும்” என்று தாளிடம் சொல்லிவிட்டுத்தான் தூரிகையை எடுப்பாள்.

“இவங்க பேரை எல்லாம் செடிகளுக்கு வச்சிருக்காங்க. பசையக்கா இவங்களுக்கே பேரு வச்சுட்டாங்க” என்று சிரிப்பார், காப்பகத்தின் பொறுப்பில் இருக்கும் டாக்டரம்மா.

வீட்டிலும் இந்தப் பேச்சுதான். மின்சார வேலை செய்யும் கணவர் கைகழுவிக்கொண்டே, “இன்னைக்கு யாரோட சண்டை?” என்று கேட்பார். அவள் சொல்லச் சொல்ல, ஓடிப்போன சித்தப்பாவின் சேதி கேட்பது போலக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். “அந்த மாப்பிள்ளையைப் பத்தி மட்டும் ரொம்பப் பெருமை அடிக்காதே” என்பதோடு சரி.

எல்லாரிலும் மோசமானவர் அவசரக்காரர். அவர் எங்கோ ஒரு தபால் நிலையத்தில் குமாஸ்தா. விடுமுறை நாட்களில் செடி பறித்தவர். அவர் மறைந்த பிறகு யாரோ கொண்டுவந்து போட்ட கட்டுகள், பழைய நாளிதழ்களுக்குள் அப்படியே பரணில் கிடந்தன. அலமாரிகள் நிரம்பி வழிந்ததால், “பிரிச்சுப் பாருங்கக்கா. தேறுறதை ஒட்டலாம், தேறாததைக் கழிச்சுடலாம்” என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பசையக்கா பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க ரத்தம் கொதித்தது. செடியின் நடுப்பகுதி மட்டும் அப்பளமாகத் தட்டையாகி, ஓரமெல்லாம் சுருண்டு கிடந்தது. பூ பூவாக இல்லை, கறையாக இருந்தது. ஒரு இலை சட்டைப் பைக்குள் திணித்த கைக்குட்டை போல மடங்கியிருந்தது. கழிக்க வேண்டிய குவியல் கதவோரம் அவள் இடுப்பளவுக்கு வளர்ந்தது.

ஒரு நாள் காலை அந்தக் குவியலில் இன்னொன்றை வைத்தபடி அவள் சொன்னாள்: “இந்த ஆள் கையில சிக்கின செடியை ஆட்டுக்குக் குடுத்திருந்தா அதுக்காவது வயிறு நிறைஞ்சிருக்கும்! எந்த ரயிலைப் பிடிக்க இப்படி ஓடினாரோ!”

பின்னால் டாக்டரம்மா இருமினார். அது சளி இருமல் இல்லை என்று பசையக்காவுக்குப் புரிந்தது. திரும்பினால், டாக்டரம்மாவின் பக்கத்தில் பருமனான ஒரு மூதாட்டி கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தார்.

“யாரைம்மா திட்டுறீங்க?”

“யாரையும் இல்லைங்க. செத்துப்போனவர்தான்.”

“தபாலாபீஸ் குமாஸ்தாவா?”

“அவரேதான். உங்களுக்குத் தெரியுமா?”

“என் அப்பா.”

பசையக்காவின் தூரிகையிலிருந்து பசை ஒழுகிப் புடவையில் சொட்டியது. அவள் அதைத் துடைக்கவில்லை. வாழ்நாளில் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறாள். ஒருவருக்குக்கூட மகள் இருப்பாள் என்று தோன்றியதில்லை.

மூதாட்டி ஓய்வுபெற்ற நர்ஸ். அண்ணன் தம்பிகள் எல்லாம், அப்பா சருகு பொறுக்கியே ஆயுளைத் தொலைத்தார் என்று சொல்லிச் சொல்லி, அதை வீட்டுப் பழமொழியாகவே ஆக்கிவிட்டார்களாம். “அவர் பேரு எந்தப் புஸ்தகத்துலயும் இல்லை. ஏதாவது மிச்சம் இருக்கானு ஒரு தடவை கண்ணால பார்த்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்” என்றார். அவருடைய பார்வை கதவோரக் குவியலுக்குப் போனது. “அதெல்லாம் அப்பாவோடதா?”

“ஆமாம்மா” என்ற டாக்டரம்மா, அவை எங்கே போகப்போகின்றன என்பதை மறைத்துவிட்டார். பசையக்கா அவசர அவசரமாகக் குவியலைக் கிளறினாள். உள்ளதில் சுமாரானதாக ஒன்றை எடுத்து மேசையில் விரித்து, ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

மூதாட்டி குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. பசையக்கா பதறிப்போய் அவர் முதுகில் கைவைத்தாள். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா, எனக்கு வாய்தான் கொஞ்சம்…”

நிமிர்ந்த முகத்தில் கண்ணீர் இருந்தது உண்மை. ஆனால் அந்த அம்மாள் அடக்க மாட்டாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இது அவர் பண்ணதில்லைம்மா. நான் பண்ணது! செடி அழுத்துற பலகைக் கட்டு வாங்க அப்பாகிட்ட ஏது வசதி? ரெண்டு பலகைக்கு நடுவுல செடியை வச்சு, மேல என்னை உக்காத்தி வச்சிருவார். எனக்கு ஏழு வயசு, ஒல்லிக்குச்சி. கனம் பத்தலைன்னா தம்பியையும் தூக்கி மடியில வைப்பார்.”

பசையக்கா செடியைப் பார்த்தாள். நடுவில் தட்டை, ஓரமெல்லாம் சுருள். சின்னப் பெண் உட்கார்ந்த அளவுக்கு நல்ல தட்டை.

“அப்ப இந்தக் கசங்கல்?”

“தெருவுல பிள்ளைங்க சத்தம் கேட்டா நான் எந்திரிச்சு ஓடிருவேன். திரும்பி வந்து உக்காரும்போது எல்லாம் நகர்ந்து போயிருக்கும்.”

“அவர் திட்டலையா?”

“ஒரு வார்த்தை? ‘பிரமாதமா அழுத்தியிருக்கேடி’ம்பார். கெட்டுப்போனதை அப்புறமா தூக்கிப் போட்டிருப்பார்னு நினைச்சேன். எல்லாத்தையும் வச்சிருந்திருக்காரே!”

இப்போது சிரிப்பு பசையக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. “இத்தனை நாளா ஒரு நல்ல மனுஷனைத் திட்டித் தீர்த்துட்டேனே! குற்றவாளி இங்க கைத்தடியோட நிக்குது!” என்றாள். இரண்டு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

டாக்டரம்மா மட்டும் சிரிக்காமல் பூதக்கண்ணாடியை எடுத்திருந்தார். நாளிதழின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த ஊர்க் குறிப்பைப் படித்தார். “இந்தக் குளக்கரை எங்கம்மா இருக்கு?”

“குளமா? அது பஸ் டிப்போவாகி எவ்வளவோ காலமாச்சு.”

“இந்தச் செடி அந்தப் பக்கம் இருந்ததா யாருமே சொன்னதில்லை.” டாக்டரம்மா இலையைப் புரட்டிப் பார்த்தார். பூ நசுங்கியிருந்தது. ஆனால் கனம் படாத ஓரத்தில் ரெண்டு காய்கள் முழுசாகத் தப்பியிருந்தன. “காய் இருக்கு, என்ன செடின்னு உறுதிப்படுத்த அது போதும் எனக்கு. அக்கா, குவியல்ல ஒண்ணைக்கூடக் கழிக்காதீங்க. எல்லாத்தையும் நான் பார்க்கணும்.”

மூதாட்டி பூதக்கண்ணாடியை வாங்கி அந்தக் காய்களைப் பார்த்தார். பிறகு, “தம்பிக்கு இப்பவே போன் போடணும்” என்று கைப்பையைத் துழாவினார். “சருகு பொறுக்கினாராம், சருகு!”

அவரை லிப்ட் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த பசையக்கா, குவியலைக் கை கையாகச் சுமந்து தன் மேசைக்கு மாற்றினாள். யார் உதவிக்கு வந்தும் விடவில்லை. பிறகு குளக்கரைச் செடியைத் தாளில் கிடத்தினாள். அதன் ஒரு இலை பாதியில் மடங்கியிருந்தது. வழக்கமாக அதில் ஈரத் தூரிகை வைத்து, இடுக்கியால் நீவி, நேராக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். இடுக்கியைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கீழே வைத்தாள். மடிப்புக்கு அடியில் மெல்லப் பசை தடவி, அப்படியே தாளோடு பொருத்தினாள்.

ஒட்டிய இலையின் மேல் கனத்துக்கு வைக்கச் சின்ன மணல் பைகள் அவள் பக்கத்திலேயே இருந்தன. சாப்பிடக் கூப்பிட்டவர்களிடம் “வரேன், நீங்க போங்க” என்று சொல்லிவிட்டு, பசை காயும் வரை, பசையக்கா அந்த இலையின் மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.