கன்னியம்மாவின் கை பெல்ட்டு

எனக்குப் பொறுமை குறைவு. ஆக்குபேஷனல் தெரபி படித்தவளுக்கு இது பெரிய குறைதான். கை முடங்கியவர்களைச் சட்டைக்குப் பொத்தான் போடவும், சோறு பிசையவும், அவரவர் வேலைக்குத் திரும்பவும் பழக்குகிற தொழில் இது. ஒரு பொத்தானுக்குப் பத்து நிமிடம் ஆனாலும் நாம் கையை நீட்டிப் போட்டுவிடக் கூடாது. நான் பலமுறை போட்டுவிட்டிருக்கிறேன்.

2006-இல் கும்மிடிப்பூண்டியில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பழவேற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைக் கண்டதும், "தஸ்லீம் மேடம், வலிக்குக் கரண்ட்டு வைக்க மாட்டீங்களா?" என்பார்கள். கன்னியம்மாவும் அப்படித்தான் ஆரம்பித்தாள்.

"கரண்ட்டு எல்லாம் வேணாம். கையைக் காட்டுங்க."

முப்பத்தைந்து வயது இருக்கும். குள்ளமான உருவம். பெரியபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம். சிப்காட் தொழிற்பேட்டையில் சுவிட்ச் செய்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்து இருநூறு சுவிட்சுகளுக்கு ஸ்க்ரூ முடுக்க வேண்டும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பேசும்போதே வலது கையை உதறிக்கொண்டிருந்தாள்.

"ராவுல கை மரத்துப் பூடுது மேடம். மூணு வெரல்ல எறும்பு ஊர்ற மாரி இருக்குது. ஒதறிக்கினே குந்தினு இருப்பேன், பொழுது விடிஞ்சிடும். அஞ்சேகாலுக்கு வேன் வந்துடும்."

மணிக்கட்டு வழியாகப் போகும் நரம்பு நெரிபட்டால் இப்படித்தான் ஆகும். என்னைப் பயமுறுத்தியது வேறு. அவளுடைய கட்டைவிரலின் அடிச்சதை லேசாக இளைக்கத் தொடங்கியிருந்தது. அது போய்விட்டால் திரும்ப வருவது கஷ்டம். கட்டைவிரலில் வலு இல்லாவிட்டால் ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்க முடியாது. பிடிக்க முடியாதவளுக்காகக் கம்பெனி வேன் அந்தக் கிராமத்தில் நிற்கப் போவதில்லை.

சூடான தண்ணீரில் போட்டால் துவளுகிற ஒரு பிளாஸ்டிக் தகடு உண்டு. அதை அவள் கைமேல் வைத்து, மணிக்கட்டு வளையாமல் நேராக நிற்கும்படி அழுத்தி, ஒட்டுப் பட்டைகள் வைத்துக் கொடுத்தேன். எங்கள் பாஷையில் ஸ்ப்ளின்ட். அவர்கள் எல்லாருக்கும் அது பெல்ட்டு.

"ஆறு வாரம். தினமும் ராத்திரி போட்டுக்கிட்டுத்தான் படுக்கணும். ஒரு ராத்திரிகூட விடக் கூடாது. இதுக்கு அடங்கலன்னா ஆபரேஷன்தான்."

"ஆபரேஷன்னா எத்தினி நாளு லீவு?"

"ஒரு மாசமாவது ஆகும்."

"பத்து நாளு போவலன்னாலே பேர அடிச்சுடுவாங்க மேடம்."

"அப்ப ஒழுங்கா பெல்ட்டைப் போடுங்க" என்றேன்.

நான்காவது வாரம் வந்தாள். மரத்துப்போவது குறையவில்லை. அடிச்சதை முன்னைவிட இளைத்திருந்தது. பெல்ட்டைப் போடச் சொன்னேன். அது அவள் கையில் உட்காரவே இல்லை. அப்பாவின் செருப்பைக் குழந்தை மாட்டிக்கொண்ட மாதிரி லொடலொடவென்று ஆடியது. அளந்து செய்தது நான், எனக்குத் தெரியாதா? ஓரமெல்லாம் விரிந்து, என்னுடையது அல்லாத விரல்தடங்கள் பதிந்திருந்தன. ஒட்டுப் பட்டையில் ஒரு நீள நரைமுடி, பூ கட்டிய நார், பச்சைக் கம்பளி நூல்.

"இதை வெந்நீர்ல போட்டீங்களா?"

கன்னியம்மா அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க இதைப் போடவே இல்லை. எங்கேயோ தூக்கிப் போட்டுட்டு இங்க வந்து என் உசுரை வாங்குறீங்க, அதானே?"

நான் கத்தியதில் வரிசையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கன்னியம்மாவுக்கும் கோபம் வந்துவிட்டது.

"எங்க மேடம் தூக்கிப் போட்டோம்? ஒரு ராவுகூட அது சும்மா கெடக்கல. ஒரு ராவு எங்கிட்ட, ஒரு ராவு குணசுந்தரிகிட்ட, அப்பால அஞ்சம்மா, இன்னும் ரெண்டு பேரு. காலையில வேன்ல கை மாத்திக்குவோம். குணசுந்தரி கை பெருசு, உள்ள போவல. அதான் வெந்நீர்ல போட்டு விரிச்சிக்கிச்சு."

"உங்க கைக்குச் செஞ்சதை ஏன் கொடுத்தீங்க?"

"எல்லாருக்கும்தான் மரத்துப் பூடுது. நாங்க அஞ்சு பேரும் ஒரே மேசை. அதுங்கள வேலைக்கு இட்டுக்கினு வந்ததே நானு. அதுங்க ராவெல்லாம் அழுவும், நான் மட்டும் தூங்கணுமா?"

நான்கு வாரத்தில் அவள் அதைப் போட்டது ஆறு இரவுதான். முதலில் அவள்மேல் கோபம் வந்தது. பிறகு என்மேல் வந்தது, அது இன்றைக்கும் போகவில்லை. நூறு கேள்வி கேட்டேனே, உங்கள் மேசையில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்டேனா? ஒரே மேசையில் ஐந்து பேருக்கு ஒரே மூன்று விரல் மரத்துப்போனால், பார்க்க வேண்டியது மேசையைத்தான். இது முதல் வருஷப் பாடம்.

மருந்து மேசை முன்னால் அவளை நிறுத்தி, வேலை செய்வதுபோல் செய்து காட்டச் சொன்னேன். மேசை எவ்வளவு உயரம் என்றதற்கு நெஞ்சுக்குக் கீழே கையை வைத்தாள். முன்பு ஆண்கள் நின்று வேலை செய்த மேசையாம். குள்ளமானவள் முழங்கையைத் தூக்கி, மணிக்கட்டை மடக்கி, மேலேயிருந்து முடுக்கிக்கொண்டிருந்தாள், ஷிஃப்டுக்கு ஆயிரத்து இருநூறு முறை. கட்டிலில் ஏறுவதற்கு வைத்திருந்த பலகையை அவள் காலடியில் தள்ளினேன். ஏறி நின்றதும் மணிக்கட்டு தானாக நேரானது.

"அட" என்றாள். இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தாள்.

மறுநாளே சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளை ஐந்து பேரும் இழுத்துப் போட்டு, அவற்றின்மேல் நின்று வேலை செய்திருக்கிறார்கள். சூப்பர்வைசர் மோசஸ் ஓடி வந்தாராம்.

"இன்னா இது, மேடையா? எறங்குங்க. எவளாவது வழுக்கி வுழுந்தா நான்தான் பதில் சொல்லணும்."

"வுழுந்தா நீங்க சொல்லுவீங்க. கை போனா யார் சார் சொல்றது?" என்று கேட்டிருக்கிறாள் கன்னியம்மா. யாரும் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அவரே ஆள் வைத்துத் தட்டுகளின் இடைவெளியில் சட்டம் அடித்துக் கொடுத்தார். நல்ல மனசு என்று எழுத ஆசைதான். பழுதென்று திருப்பி அனுப்பப்படும் சுவிட்சுகள் பாதியாகிவிட்டன, அதுதான் விஷயம்.

ஸ்டோர்காரரிடம் சண்டை போட்டுத் தகடு வாங்கி ஐந்து பெல்ட்டு செய்தேன். ஒவ்வொன்றிலும் பேரை எழுதி, யாராவது கை மாற்றினால் பிடுங்கிவிடுவேன் என்று மிரட்டினேன். இரண்டு மாதத்தில் நான்கு பேருக்குத் தூக்கம் வந்துவிட்டது. கன்னியம்மாவுக்கு வரவில்லை. ஐவரில் அவள் கைதான் மோசமாக இருந்தது, அதற்கு மிக அவசரமாக வேண்டியிருந்த நாட்களை அவள் பங்கு போட்டுக் கொடுத்திருந்தாள். சென்னைக்கு அனுப்பி ஆபரேஷன் செய்தோம். மரத்துப்போவது நின்றது. கட்டைவிரல் சதை திரும்பவில்லை. மேசைமேல் ஊக்கு ஒன்றை வைத்து எடுக்கச் சொன்னால், ஆள்காட்டி விரலால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து எடுப்பாள். கெட்டிக்காரி என்று தட்டிக் கொடுத்தேன். ஸ்க்ரூ டிரைவரிடம் அந்தத் தந்திரம் பலிக்காது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நான்கு பேரும் போய்க் கெஞ்சியதில் மோசஸ் பேரை அடிக்காமல் வைத்திருந்தார். ஐந்து வாரம் கழித்து வேலைக்குப் போனாள். அடுத்த தடவை வந்தபோது எத்தனை பீஸ் வருகிறது என்று பயந்துகொண்டேதான் கேட்டேன்.

"ஆயிரத்தி எரநூறு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கேஸ் ஷீட்டில் பழைய வேலைக்கே திரும்பிவிட்டார் என்று எழுதி, பெரிய டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு வாரம் எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து குணசுந்தரி வந்தாள், கையை உதறிக்கொண்டு.

"மறுபடியும் மரத்துப் பூடுது மேடம்."

"தட்டு மேலதானே நிக்கிறீங்க?"

"ஆமா."

"பெல்ட்டு?"

"தெனிக்கும் போட்டுக்கினுதான் படுக்கிறேன். யாருக்கும் குடுக்கல."

"ஷிஃப்டுக்கு எத்தனை பீஸ்?"

கொஞ்சம் தயங்கினாள். "ஆயிரத்தி ஐநூறு."

ஆளுக்கு முந்நூறு அதிகம். நான்கு பேர். கன்னியம்மாவின் ஆயிரத்து இருநூறு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அவங்க என்ன பண்றாங்க?"

"ஸ்க்ரூ எடுத்து வரிசையா வச்சிக் குடுக்கும். தொடச்சிக் குடுக்கும். சூப்பர்வைசரு வந்தா டிரைவர கையில வச்சிக்கும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள், "நான் இங்க வந்தது அதுக்குத் தெரிய வேணாம் மேடம். தெரிஞ்சா வேலைய வுட்டுட்டுப் பூடும். அப்பால அது ஊட்ல இன்னா பண்ணுவாங்க?"

கத்தத்தான் வாய் வந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? சொன்னால் கன்னியம்மாவின் சோறு போகும். சொல்லாவிட்டால் நான்கு கைகள் போகும். குணசுந்தரியின் இரண்டு கைகளையும் பக்கம் பக்கமாக வைத்து, கட்டைவிரல்களின் அடிச்சதையைத் தடவிப் பார்த்தேன். இடதைவிட வலது கொஞ்சம் மெலிந்திருந்தது. இன்னொரு முறை பார்த்தேன், மெலிந்துதான் இருந்தது. நான் கையை விடவில்லை. வெளியே பஸ் ஹாரன் அடித்ததும் அவள்தான் மெல்ல இழுத்துக்கொண்டு எழுந்தாள்.