படத்துக்கு ஒரு மலையகப் பிள்ளை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, விலங்கியல் ஆய்வுகூடத்தில் ஒரு போட்டோ எடுத்தார்கள்.

பள்ளிக்கூட ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், வாரத்தில் ஒரு நாள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போய் பிராக்டிகல் வகுப்பில் உதவுகிறேன் என்பது இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு இறால் வெட்டிப் பார்க்கும் பாடம். பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் அதன் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பீடத்தின் கையேட்டுக்குப் பொறுப்பான இளம் விரிவுரையாளர் கமராக்காரரோடு உள்ளே வந்தார். என் பழைய மாணவர்.

"ரீச்சர், அட்டைப்படத்துக்கு நாலு பிள்ளையள் வேணும். ஒரு சிங்களப் பிள்ளை, ஒரு முஸ்லிம் பிள்ளை, ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை... மலையகத்திலை இருந்தும் ஒண்டு இருக்கெல்லே? அவவையும் கூப்பிடுங்கோ."

பலசரக்குக் கடைக்குக் கொடுக்கும் லிஸ்ட் மாதிரி இருந்தது. ஆனாலும் கூப்பிட்டேன். சந்தோஷமாகத்தான் கூப்பிட்டேன் — அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

முதல் மூன்று பேரைத் தெரிவு செய்யக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாலாவதுக்குத் தெரிவே இல்லை. கலைச்செல்வி ஒருத்திதான். பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். தாயும் தகப்பனும் தோட்டத் தொழிலாளர்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்கு உயிரியல் இல்லாததால் இரண்டு பஸ் மாறி டவுனுக்குப் போய்ப் படித்து, பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டவள்.

நாலு பேரும் ஒரு மைக்ரஸ்கோப்பைச் சுற்றி நின்று அழகாகச் சிரித்தார்கள்.

கமராக்காரர் கதவைத் தாண்டியதும் சிரிப்பும் முடிந்தது. சிங்களப் பிள்ளை சிங்களப் பிள்ளைகளின் மேசைக்குப் போனாள். முஸ்லிம் பிள்ளை தன் தோழியிடம் போனாள். எங்கள் ஊர்ப் பிள்ளை எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம். எப்போதும் அப்படித்தான். யார் பிரித்து வைத்தது? யாருமில்லை. சேர்த்து வைக்கவும் யாருமில்லை... என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கலைச்செல்வி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என்ன பிள்ளை, இறாலை அரைவாசியிலை விட்டிட்டு நிக்கிறீர்?"

"டீச்சர்... நான் இன்னையோட படிப்ப நிப்பாட்டிட்டு ஊருக்குப் போறேன். காலையில லெட்டர் குடுத்துட்டேன். வகுப்பு முடிஞ்சதும் உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

வெளியே விறாந்தை வாங்கில் உட்காரவைத்துக் கேட்டேன். அழவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள்.

இரண்டாம் வருடத்தில் ஹொஸ்டல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று வீடுகள் மாறியிருக்கிறாள். முதல் வீட்டில் தகப்பனின் வேலை தெரிந்ததும், சொந்தக்காரர் வரப்போகிறார்கள் என்று எழுப்பிவிட்டார்கள். அடுத்த வீட்டில் அவளுக்கென்று தனியாக ஒரு கோப்பை, தனியாக ஒரு பீங்கான். மூன்றாவது வீட்டு அம்மா நல்லவ. அன்பாகத்தான் விளக்குமாற்றைக் கையில் கொடுத்திருக்கிறா.

"'உங்கடை ஆக்களுக்கு வளவு கூட்டுறது பழக்கம்தானே பிள்ளை'ன்னாங்க டீச்சர். அங்க இன்னும் ரெண்டு கேம்பஸ் புள்ளைங்க இருந்தாங்க. அவங்ககிட்ட குடுக்கல."

"வகுப்பிலையும் ஏதும் சொல்லுறவையோ?"

"நான் 'ஆமா'ன்னா சிரிப்பாங்க. அதனால உங்க ஊரு மாதிரி 'ஓம்'னு சொல்லப் பழகினேன். இப்ப அதுக்கும் சிரிக்கிறாங்க."

விலங்கியலில் ஓர் உயிரை இனங்காண வரிசையாகக் கேள்விகள் உண்டு. ஓடு இருக்கிறதா? கால் எத்தனை? செட்டை உண்டா? பத்துப் பதினைந்து கேள்வி கேட்டால்தான் ஒரு முடிவுக்கு வரலாம். எங்கள் ஊரில் மனிதரை இனங்காண இரண்டே கேள்வி. எந்த இடம்? அப்பா என்ன வேலை? அதோடு சரி... ஆளை எந்தப் போத்தலில் போடுவது என்று முடிவாகிவிடும்.

எழும்பினேன்.

"வாரும், கடிதத்தைத் திருப்பி வாங்குவம். அரியாலையிலை என்ரை வீட்டு மேல் அறை சும்மாதான் கிடக்கு. மகன் கனடா போய் நாலு வருஷம். இண்டைக்கே சாமானோடை வாரும்."

கலைச்செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. குத்திக்காட்டவும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"முந்தியும் சும்மாதானே டீச்சர் கெடந்துச்சு? ரூம் ஏதும் தெரியுமான்னு போன வருசம் உங்ககிட்ட கேட்டேனே..."

கேட்டாள். ஓம், கேட்டாள். "பாப்பம் பிள்ளை" என்று சொல்லிவிட்டு மறந்துபோனேன். மறந்துதான் போனேனா? அந்த அறை ஏன் அப்போது என் நினைவுக்கு வரவில்லை? ஒரு மாதமாக இதைத்தான் என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேர்மையான பதில் ஒன்று கிடைத்திருக்கிறது. அதை இங்கே எழுதும் துணிவு இன்னும் வரவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். மனதை மாற்றச் சொல்லி மன்றாடினேன். "இல்ல டீச்சர், களைச்சுப் போயிட்டேன்" என்றாள். பிறகு உள்ளே போய், பாதியில் விட்ட இறாலை முழுதாக வெட்டி முடித்து, நரம்பை எடுத்துக் காட்டி, கையைக் கழுவிவிட்டுப் போனாள். வகுப்பிலேயே சுத்தமான வெட்டு அவளுடையதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டேன். தான் படித்த தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்க உதவிக்குப் போகிறாளாம்.

"ஒரு புள்ள கேட்டுச்சு டீச்சர், யாழ்ப்பாணத்து ஆளுங்க எப்பிடின்னு. நம்மள நல்லா பாத்துக்குவாங்கன்னு சொன்னேன்."

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீர்?" என்று கேட்டேன்.

"வேற என்ன சொல்றது டீச்சர்? அதுகளாவது வந்து படிக்கணும்ல."

என் ஊரைப் பற்றி ஒருவர் நல்லது சொல்லக் கேட்டு நான் வெட்கப்பட்டது இதுதான் முதல் தடவை.