குரல் வருவதற்கு முன்

அந்தத் தையல்காரரைத் தெருவில் எல்லோரும் நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டு உடனே "ஆனா" என்று ஓர் இழுப்பு இழுப்பார்கள். அந்த இழுப்புக்குக் காரணம் அவருடைய வீம்பு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார். நாலாவது காலைக் காட்டினால், அது வேறு முயல் என்பார். சட்டையின் தோள் இறங்கியிருக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால், சட்டை சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் தோள்தான் இறங்கிவிட்டது என்று பதில் வரும். "கோபம் இருக்கிற இடத்துலதான் குணம் இருக்கும்பாங்க. நானும் கல்யாணமான நாள்லேருந்து தேடிக்கிட்டுதான் இருக்கேன், எங்க வச்சிருக்கார்னு தெரியல" என்பாள் அவர் மனைவி, அவர் காதில் நன்றாக விழும்படி.

வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் மிஷின், சுவரையொட்டி வெட்டு மேஜை, ஆணிகளில் கை வைக்காத சட்டைகளும் காலர் வைக்காத பள்ளிச் சீருடைகளும். அலமாரி மேல் ஒரு ரேடியோ. காலையில் மிஷினில் உட்காரும்போது அதைத் திருகினால் மாலையில் எழுந்திருக்கும்போதுதான் அணைப்பார். பாட்டு இல்லாமல் அவருக்கு ஒரு தையலும் நேராக வராது.

ஒரே மகள். தவழ்ந்த காலத்தில் மேஜைக்கு அடியில் புகுந்து தரையில் கிடக்கும் குண்டூசிகளை எடுத்து வருவாள். அவள் வாயில் போட்டுக்கொள்வதற்குள் தாயும் தகப்பனும் பதறி ஓடுவார்கள். அதனால் அவளுக்கு வீட்டில் குண்டூசி என்றே பெயர் நிலைத்துவிட்டது. கொஞ்சம் வளர்ந்ததும் அப்பாவும் மகளும் ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டார்கள். ரேடியோவில் பாட்டு தொடங்கும். முன்னால் வரும் இசையை மட்டும் கேட்டு, குரல் வருவதற்கு முன் பாட்டைச் சொல்லிவிட வேண்டும். தோற்றவர் அன்று தரையில் கிடக்கும் குண்டூசிகளையெல்லாம் பொறுக்க வேண்டும். பல வருஷம் அவள்தான் பொறுக்கினாள். பிறகு ஒருநாள், வயலின் ஒரு இழுப்பு இழுத்ததுமே அவள் பாட்டைச் சொல்லிவிட்டாள். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, முட்டி கடகடக்க மண்டியிட்டு ஊசி பொறுக்கினார். அன்று அவருக்கு இருந்த பெருமையை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அப்படி வளர்த்துவிட்டு, அவள் படிப்பை முடித்ததும் கையைக் காலைப் பிடித்து ஒரு ஆபீஸில் வேலை வாங்கிக் கொடுத்தார். ஒரு மாதம் போனாள். அதன்பின், டிவி தொடர் எடுக்கும் கம்பெனியில் காட்சிகளுக்குப் பாட்டுத் தேடிக் கொடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது, ஆபீஸை விட்டுவிட்டேன் என்று வந்து நின்றாள்.

"பாட்டுப் போட்டுப் பொழைக்கிறதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று கத்தினார்.

"எனக்குப் பாட்டு கத்துக்குடுத்தது யாருப்பா?"

பெற்ற பெண்ணே மடக்கிவிட்டால் மனுஷனுக்கு வாய் நீளும். "அந்த வேலைக்குப் போறதுன்னா போ. ஆனா இந்த வாசலைத் தாண்டினா திரும்பி வராதே" என்றார்.

"சரி" என்றாள் அவள். அழவில்லை, கெஞ்சவில்லை. அப்பனுக்குத் தப்பாத பெண். துணிப் பையை எடுத்துக்கொண்டு போனவள், அவர் சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றினாள்.

அவளுடைய தொடர் மாலையில் வரும். அந்த நேரத்தில் அவர் ரேடியோவை அணைத்துவிட்டு, கடை மூலையில் இருக்கும் டிவியைப் போடுவார், செய்தி ஓடும். அந்தப் பக்கம் திருப்ப யாருக்கும் தைரியம் கிடையாது. மனைவி பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அவர் கேட்கமாட்டார், அவளும் சொல்லமாட்டாள். பெற்ற மனம் பித்து என்பார்கள். இவர் மனதில் பித்து இல்லாமல் இல்லை. அதை ஒத்துக்கொள்ளும் வாய்தான் இல்லை.

போன வருஷம் மேல்மாடி நர்ஸம்மா கவுனைச் சுருக்கித் தைக்க வந்தார். "என்ன டைலர், தினமும் தொடர் முடியறப்போ உங்க பொண்ணு பேரு ஓடுது, பாடல் தேர்வுன்னு. நீங்க பார்க்கறதே இல்லையாமே?" என்றார். தையல்காரர் வாயில் இருந்த ஊசியை எடுக்காமலே "ம்" என்றார். மறுநாள் மாலை, செய்தியில் ஒன்றுமே இல்லை என்று தானாகச் சலித்துக்கொண்டு சேனலைத் திருப்பினார். மனைவி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே போனாள்.

கதை அவருக்குப் புரியவில்லை. யாரோ யாரையோ முறைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கதாநாயகி பஸ்ஸில் ஏறினாள். பஸ் ரேடியோவில் வயலின் ஒரு இழுப்பு. அதே வயலின். அதே பாட்டு. குரல் வருவதற்கு முன் காட்சி மாறிவிட்டது. மிஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் தானாக நின்றது. கடைசியில் எழுத்துகள் ஓடின. பாடல் தேர்வு என்ற வரிக்கு நேரே மகளின் பெயர். பெண் தன்னோடு விளையாடுகிறாள் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டார்.

அன்றிலிருந்து அளவு நோட்டின் பின்பக்கங்களில் எழுதத் தொடங்கினார். முன்பக்கத்தில் வாடிக்கையாளர்களின் தோளும் இடுப்பும். பின்பக்கத்தில் தொடரின் பாட்டுகள். பஸ்ஸில் என்ன, டீக்கடையில் என்ன, மாமியார்க்காரியின் போன் மணியில் என்ன, என்ன படம், யார் இசை, யார் பாடியது. ஒன்றுகூடத் தப்பவில்லை. எல்லாம் அந்தக் காலத்துப் பாட்டுகள், எல்லாவற்றிலும் முன்னிசை மட்டும்தான் வந்தது. "பார்த்தீங்களா, பாட விடமாட்டா. அப்பனுக்குத் தெரியுதான்னு சோதிக்கிறா" என்று துணி வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். சொன்னதோடு நிற்கவில்லை. மழைப் பாட்டு வந்தால் பெண் சந்தோஷமாக இருக்கிறாள். தாலாட்டு வந்தால் தூக்கம் இல்லை போல. துள்ளல் பாட்டு வந்தால் சம்பளம் வந்திருக்கும். இப்படியே பாட்டை வைத்துப் பலன் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மனைவி கேட்டுக்கொண்டிருப்பாள். சில நாள் எதையோ சொல்ல வாயெடுத்து, குழம்பு தீய்கிறது என்று எழுந்து போய்விடுவாள்.

அந்த வாரம் வரிசையாகப் பிரிவுப் பாட்டுகள். திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய் ஒன்று, புதன்கிழமை சாவு வீட்டில் ஒலிப்பது போல ஒன்று. பெண்ணுக்கு என்னவோ ஆகிவிட்டது, தன்னைக் கூப்பிடுகிறாள், வெட்கத்தில் வாய்விட்டுக் கேட்கமுடியாமல் பாட்டில் கேட்கிறாள் என்று தையல்காரருக்குத் தோன்றியது. வியாழக்கிழமை காலையில் தானே தைத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அளவு நோட்டைக் கையில் எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"கம்பெனிக்கு. நான் பாட்டுக்கு உட்கார்ந்துட்டிருந்தா எப்படி? அவ கேட்டதுக்கெல்லாம் பதில் இதுல இருக்கு. கையில குடுத்துட்டு வந்துடறேன்."

"வேண்டாங்க. சொன்னாக் கேளுங்க. போன் பண்ணிட்டுப் போகலாம்."

"யார் நம்பர் இருக்கு உங்கிட்ட?" என்று அவர் திரும்பியபோது அவள் முகம் வெளுத்துப் போனது. அவர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. இறங்கி நடந்துவிட்டார்.

கம்பெனி ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. நடையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. ஒரு கம்பியில் நடிகர்களின் உடைகள் தொங்கின. முன்னால் மட்டும் ஒழுங்காகத் தைத்து, முதுகில் ஊசி குத்தி இழுத்துவிட்டிருந்தார்கள். டிவியில் முதுகு தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பாட்டு அறை கடைசியில் இருந்தது. சுவரெல்லாம் ஸ்பாஞ்ச். உள்ளே மகள் இல்லை. தலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கிட்டத்தட்ட அவர் வயதுள்ள ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பாட்டுக்காரர் டீயைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணோட அப்பாவா? அவ போய் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சே சார்."

"பேரு வருதே."

"எழுத்தை ஒரு தடவை செஞ்சு ஒட்டிட்டா தொடர் முடியறவரைக்கும் அதேதான் ஓடும். செத்துப்போன லைட்மேன் பேருகூட இன்னும் ஓடுது. மாத்தறதுக்கு யாருக்கு நேரம்?"

"அப்போ அந்தப் பஸ் பாட்டு..."

"நான் போட்டது. எனக்குத் தெரிஞ்சது நம்ம காலத்துப் பாட்டுதானே."

"பாட விடாம நிறுத்தறீங்களே, அது?"

"குரல் வந்தா பாடினவங்ககிட்டயும் அனுமதி வாங்கணும். பெரிய தலைவலி. இசையோட வெட்டிட்டா தொல்லை குறைவு" என்றார் பாட்டுக்காரர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "அதுக்குத்தான் உங்க பொண்ணோட சண்டை. பாட்டுன்னா முழுசா பாடணும்னு நின்னா. முதலாளி, வெட்டறதுன்னா இரு, இல்லேன்னா போன்னுட்டார். சரின்னு சொல்லிட்டுப் போயிட்டா."

தையல்காரர் பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார். அவள் நிஜமாகவே பாட்டுப் போட்ட காலத்தில் அவர் செய்தி பார்த்தார். அவள் போன பிறகு உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய தலைவலியை மகளின் பாசம் என்று எழுதி வைத்தார். மடியில் இருந்த நோட்டை அவருக்குத் தூக்கி எறியவேண்டும் போலிருந்தது. தன்மேலேயே அவ்வளவு அருவருப்பு.

"அவ போட்ட பாட்டைக் கேக்கலாமா?" என்றார் கடைசியில்.

"கேளுங்க. எனக்கும் உதவியா இருக்கும். பழைய பகுதியெல்லாம் வேற சேனலுக்குக் குடுக்கறோம். எது என்ன பாட்டு, யார் பாடினதுன்னு பட்டியல் கேக்கறாங்க. என்னோடதுக்கெல்லாம் இருக்கு, அவளோடதுக்கு இல்ல. கேட்டா போனை எடுக்கமாட்டேங்கறா. அவ கோபம் அவளுக்கு. இந்த வாரத்துக்குள்ள தெரியலேன்னா அந்தப் பாட்டையெல்லாம் எடுத்துட்டு ஏதாவது இசையை ஒட்டச் சொல்லிட்டாங்க."

தையல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டுதானே, போடுங்கள் என்றார். முதல் காட்சி: ஒரு கிழவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். எங்கோ ஒரு கித்தார். அவர் கண்ணை மூடிக் காத்திருந்தார். குரல் வந்தது, ஒரு பெண் குரல், பாட்டு முடியும்வரை பாடியது. அவருக்குத் தெரியவில்லை. அடுத்ததும் தெரியவில்லை. அதற்கடுத்தது பறையா மேஜையைத் தட்டுவதா என்றே பிடிபடவில்லை. ரேடியோவில் வந்திருந்தால் காதைப் பொத்திக்கொண்டு அணைத்திருப்பார். ஆனால் வீட்டை விட்டுப் போகும் ஒரு பெண்ணின் காட்சியில் ஒரு பாட்டு வந்தது. அவள் தெருமுனை திரும்பும்வரை யாரும் அதை வெட்டவில்லை. அப்போது தையல்காரருக்குக் கண்ணீர் கொட்டியது. என்ன பாட்டு என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

"இதெல்லாம் எங்கேயும் வெளிவராத பாட்டு போலிருக்கு. போன்ல வச்சுத் தேடினாலும் வரல. அவளுக்கு மட்டும்தான் தெரியும்" என்றார் பாட்டுக்காரர்.

தையல்காரர் வீட்டுக்குப் போன் செய்தார். மனைவி எடுத்ததும், அவர் ஒன்றும் கேட்காமலே அழுதாள்.

"எனக்குத் தெரியுங்க. அவ வேலை போனது அன்னைக்கே தெரியும். அப்பாகிட்ட சொல்லாதே, அவர் சொன்னதே நடந்துருச்சுன்னு ஆயிரும்னா. நீங்க அந்த நோட்டோட சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதைப் பார்த்தா எனக்கும் வாய் வரல."

"நம்பரைச் சொல்லு" என்றார். கோபப்படவில்லை. அவருக்கு அந்த நேரத்தில் கோபம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

நாலைந்து தடவை மணி அடித்த பிறகு மகள் எடுத்தாள். "யாரு?"

"நான்தான்மா."

"அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. நான் உன் கம்பெனியிலதான் இருக்கேன். நீ போட்ட பாட்டெல்லாம் கேட்டேன். ஒண்ணுகூடத் தெரியல. நான் தோத்துட்டேன் குண்டூசி."

"அங்க எதுக்குப் போனீங்க? நீங்க சொன்ன மாதிரியே ஒரு ஆபீஸ்லதான் உக்காந்திருக்கேன். சந்தோஷம்தானே?"

"இல்லம்மா" என்றார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு சீக்கிரம் எதையும் ஒத்துக்கொண்டதில்லை. "பாட்டு பேர் தெரியலேன்னா எல்லாத்தையும் வெட்டிடுவாங்களாம்."

"வெட்டட்டும்."

"வேண்டாம்மா. துணியோ எதுவோ, வெட்டினா வெட்டினதுதான். எங்கிட்ட கோபத்தை வச்சுக்கோ. பாட்டை விட்டுடாதே."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "போடச் சொல்லுங்க" என்றாள்.

பாட்டுக்காரர் முதல் காட்சியைப் போட்டார். தையல்காரர் போனை ஸ்பீக்கர் பெட்டியருகே நீட்டிப் பிடித்தார். கித்தார் இரண்டு தட்டு தட்டியதுமே அவள் பாட்டைச் சொல்லிவிட்டாள். கூடப் படித்தவள் பாடியது, வீட்டுச் சமையலறையில் வைத்துப் பதிவு செய்தது. அவர் அளவு நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்தது. அதற்கடுத்தது. ஆபீஸில் யாரோ கூப்பிட, "ஒரு நிமிஷம்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து சொன்னாள். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் அவர் மெல்ல, "வீட்டுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"அதைக் கேக்காதீங்கப்பா. பாட்டை மட்டும் கேளுங்க."

"சரிம்மா."

இன்னும் ரெண்டுதான் சார் இருக்கு என்று பாட்டுக்காரர் விரலைக் காட்டினார். பாட்டு தீர்ந்தால் பேச்சும் தீர்ந்துவிடும். கடைசிக்கு முந்தின பாட்டு ஓடியது. மகள் பேரைச் சொன்னாள், பாடியவர் யார் என்றும் சொன்னாள். அவர் முழுவதையும் தெளிவாக எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார்.

"எழுதிட்டீங்களா?" என்றாள்.

"இல்லம்மா, சரியாக் காதுல விழல" என்றார் தையல்காரர். "இன்னொரு தடவை சொல்லு."