மாமியார் செத்துப்போன நாற்பது நிமிடம்

என் பக்கத்து மேஜைக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் இரண்டோடு நிறுத்திக்கொள்வேன். நேரத்துக்கு வருவார், சட்டையை இஸ்திரி போட்டிருப்பார். செய்தி அலுவலகத்தில் அவர் துணை ஆசிரியர், நான் பிழை திருத்துபவன். ஆபீஸ் முழுக்க அவருக்குச் ‘சதவீதம்’ என்றுதான் பெயர்.

சுவரில் அந்தப் பெரிய திரையை மாட்டிய பிறகு வந்த பெயர் அது. எந்தச் செய்தியை எத்தனை பேர் படிக்கிறார்கள், எந்த வரியில் ஓடிப்போகிறார்கள் என்று திரை சதவீதக் கணக்கில் சொல்லும். ஜனங்கள் எதைத் தேடுகிறார்கள் என்று மோப்பம் பிடித்து ஏஐ செய்தியை எழுதிக் கொடுக்கும். இவர் படித்துப் பார்த்துவிட்டு ‘வெளியிடு’ பொத்தானை அமுக்க வேண்டும். படித்துப் பார்ப்பது முதல் மாதத்தோடு நின்றுபோனது. எண் ஏறினால் பல்லெல்லாம் தெரியும். இறங்கினால் எங்கள்மேல் எரிந்து விழுவார். ஒரு பொத்தானை அமுக்குவதற்குத்தான் இத்தனை பந்தா.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேர் பெற்றவர்களுக்கு வயதாகிவிட்டால் இரங்கல் செய்தியை முன்கூட்டியே எழுதி, தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைத்துக்கொள்வோம். இவருடைய மாமியார் ஒருகாலத்தில் வானொலியில் செய்தி வாசித்தவர். அவருக்கும் ஒன்று தயாராக இருந்தது, எழுதியது இந்த மாப்பிள்ளைதான். “அத்தை, எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தீங்க?” என்று சாப்பிடும்போது கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டது. அந்த அம்மாளும் மாப்பிள்ளைக்குத் தன்மேல் எவ்வளவு அக்கறை என்று பூரித்துப்போய்ச் சொல்லியிருக்கிறார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை யாரோ அந்த அம்மாளின் பழைய குரல்பதிவை இணையத்தில் போட்டுவிட்டார்கள். ‘இவர் இப்போது இருக்கிறாரா?’ என்று ஆயிரக்கணக்கானவர்கள் தேடினார்கள். இத்தனை பேர் கேட்கிறார்கள் என்றால் போய்ச் சேர்ந்திருக்கத்தான் வேண்டும் என்று ஏஐ முடிவு கட்டியது. தயாராக இருந்த இரங்கலை எடுத்து, அன்றைய தேதியைப் போட்டு நீட்டியது. செய்தி நன்றாக ஓடத் தொண்ணூற்றிரண்டு சதவீத வாய்ப்பு என்று ஓரத்தில் பச்சையாக எரிந்தது. மனிதர் அமுக்கிவிட்டார். யார் செத்தது என்றுகூடப் பார்க்கவில்லை, பச்சையைத்தான் பார்த்தார்.

அவர் மனைவி அப்போது பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். போனில் செய்தியைப் பார்த்ததும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அம்மா வீட்டுக்கு ஓடினார். கதவைத் திறந்தது அம்மா. தலையில் ஈரத் துண்டு, கையில் சீப்பு. “ஏன்டி இப்படி மூச்சு வாங்குது?” என்று கேட்டாராம்.

பொத்தானை அமுக்கிய நாற்பதாவது நிமிடம் சதவீதத்துக்குப் போன் வந்தது. அந்தப் பக்கம் கத்தியது என் மேஜை வரைக்கும் கேட்டது.

“அம்மாவுக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கணும்னுகூடத் தோணலைங்க. நீங்க போட்டதாச்சே, நிஜமாத்தான் இருக்கும்னு தெரு முழுக்க அழுதுக்கிட்டே ஓடினேன்.”

“மிஷின் பண்ணின தப்பும்மா. இதோ, எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டா ஆச்சா? விசாரிக்காம போட்டது நான்தான்னு நீங்க சொல்லணும். அது வெளியில வந்தாத்தான் நான் வீட்டுக்கு வருவேன்.”

கடன்காரனுக்கு வாக்குக் கொடுப்பவர்போல மளமளவென்று தலையாட்டினார். உடனே ஏஐயிடம் கேட்டார். மன்னிப்பு ஓட மூன்று சதவீத வாய்ப்புதானாம். அதனால் போனைத் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்கே கிளம்பிப் போனார். “அத்தை, உயிரோட இருக்கேன்னு நீங்களே சொல்லுங்க, ஒரு நிமிஷம் வீடியோ எடுத்துக்கறேன்” என்று கூச்சமே இல்லாமல் கேட்டிருக்கிறார்.

நானாக இருந்தால் செருப்பைத் தேடியிருப்பேன். அந்த அம்மாள் தலையை வாரிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “வணக்கம். நான் உயிரோடு இருக்கிறேன். விசாரிக்காமல் என் மரணச் செய்தியை வெளியிட்டவர் என் மருமகன். அதற்காக அவர் மன்னிப்புக் கேட்கிறார்.” ஒரு தடுமாற்றம் இல்லை. மகளுக்காக, மருமகன் கேட்க வேண்டிய மன்னிப்பை அவரே கேட்டுக் கொடுத்துவிட்டார். “இது அப்படியே வரட்டும், வந்துடறேன்” என்று மனைவியும் இறங்கி வந்தார்.

ஆபீசில் ஏஐ அந்த வீடியோவை மென்று பார்த்தது. முதல் இரண்டு வாக்கியத்துக்குப் பிறகு ஜனங்கள் ஓடிவிடுவார்கள் என்று மிச்சத்தை வெட்டி, உருக்கமான இசையைச் சேர்த்து நீட்டியது.

“வேண்டாம்யா, முழுசாப் போடு. உன் குடும்பமே அந்த மிச்சத்துலதான் இருக்கு” என்றேன்.

“பாதிப் பேர் போயிடுவாங்கன்னு சொல்லுதே” என்றார். அமுக்கினார்.

வியாழக்கிழமை அவர் பெயருக்கு ஒரு கூரியர் வந்தது. கவரைக் கவிழ்த்தார், மேஜையில் ஒரு சாவி விழுந்தது.

“வீட்டுச் சாவி. அவ வெச்சிருந்தது” என்றார். சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். இப்போதாவது மனிதனாக அழுவார் என்று நானும் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டேன்.

அவர் என் தோளுக்கு மேலே திரையைப் பார்த்தார்.

“வீடியோ ரெண்டு லட்சம் தாண்டிடுச்சுப்பா” என்றார்.