தெருக்கோடிக்குத் தண்ணீர் வராத காரணம்

எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஆறரைக்குத் தண்ணீர் வரும். அரை மணி நேரம். அதற்குள் என் வீட்டுத் தொட்டி மட்டும் நிரம்பிவிடும். தெருக்குழாயிலிருந்து வரும் இணைப்பில், குளியலறைக்குப் பின்னால் ஒரு மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சிக்கொண்டிருந்தேன். சத்தம் வெளியே கேட்காமலிருக்க டிவியில் பக்திப் பாட்டைச் சற்று உரக்க வைப்பேன். செய்வது குற்றம் என்று தெரிந்தே செய்தேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான்.

சென்னையில் பழகியது அது. புறநகரில் நாங்கள் இருந்த தெருவில் மோட்டார் இல்லாத வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். ஓய்வு பெற்றதும், சென்னைக்குப் பக்கத்திலேயே என்று விளம்பரம் செய்து விற்ற மனை ஒன்றை வாங்கி, திருத்தணியில் வீடு கட்டினேன். கட்டில், பீரோவோடு அந்த மோட்டாரையும் லாரியில் ஏற்றிவந்தேன். மறு வருடமே மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. படுக்கையில் கிடப்பவரைத் துடைக்கவும் துணி அலசவும் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது செய்தவர்களுக்குத் தெரியும். இதை நியாயமாகச் சொல்லவில்லை. அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டது இது.

தெருக்கோடி வீட்டில், விசைத்தறிக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண் தன் மாமியாரோடு இருந்தாள். கணவன் இல்லை. அவள் குழாயில் தண்ணீர் அறவே நின்றுபோனது. தெருவே சேர்ந்து நகராட்சிக்கு மனு கொடுப்பதென்று முடிவாகி, எழுத என்னிடம் வந்தார்கள். மோட்டார் வைப்பவர்கள் மேல் நடவடிக்கை வேண்டும் என்று கட்டாயம் எழுதச் சொன்னார் எதிர்வீட்டு அம்மாள். மறுத்தால் சந்தேகம் வரும். பிழையில்லாத தமிழில் எழுதி, முதல் கையெழுத்தையும் நானே போட்டேன்.

சில வாரங்கள் கழித்து நகராட்சி ஃபிட்டர் ஒருவர் வந்து வீடு வீடாகப் பார்த்தார். என் மோட்டார் அதன் இடத்திலேயே இருந்தது. மனு எழுதினவர் வீட்டில் என்ன பார்ப்பது என்று சிரித்தபடி என் வாசலைத் தாண்டிப் போனார்.

தெருக்கோடியில் ஒரு மோட்டார் கிடைத்தது. முந்தைய வாரம்தான் அவள் பழையதாக ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறாள். மறைக்கவில்லை, தண்ணீர் வராததால் மாட்டினேன் என்று அவரிடமே சொல்லிவிட்டாள். இணைப்பைத் துண்டித்தார்கள்.

"இவ்ளோ நாளா நம்ம தண்ணிய இவதான் இஸ்துகினு இருந்திருக்கா பாரு," என்றார் எதிர்வீட்டு அம்மாள்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அதன் பிறகு எந்த வீட்டிலும் அவளுக்கு ஒரு குடம் கிடைக்கவில்லை. என் வீட்டுக்கு வந்தாள். தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றினேன். தினமும் போவதற்கு முன் என் மனைவியைப் புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றிவிட்டுப் போவாள். வேண்டாமென்றால் கேட்கமாட்டாள்.

"நீங்க ஒருத்தர்தான் சார் மூஞ்சி சுளிக்காம ஊத்துறீங்க," என்றாள் ஒருநாள்.

மறுபடி இணைப்புத் தர மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். அதையும் நான்தான் எழுதினேன். பிறருக்குச் சேரவேண்டிய தண்ணீரை உறிஞ்சியதற்காக வருந்துகிறேன், இனி இத்தவறு நேராது என்று எழுதி, கீழே அவள் பெயருக்கு இடம் விட்டேன். படித்துக் காட்டச் சொன்னாள். கடைசி வரி வரை படித்துக் காட்டினேன்.

"நல்லா எழுதிகிறீங்க சார். படிச்சா எரக்கப்படுவாங்க," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

இணைப்பு திரும்ப வந்த முதல் காலை, மோட்டாரைப் போடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஆறரைக்கு என் குழாயில் நூலாய் வடிந்தது. தொட்டி முந்தின நாளே காலி. உள்ளே மனைவி முனகினாள். ஈரத்தில் கிடக்கிறாள் என்பது அந்த முனகலிலேயே எனக்குத் தெரியும். பத்து நிமிடம் பொறுத்தேன். பிறகு சுவிட்சைப் போட்டேன்.

ஏழு மணிக்கு அவள் இரண்டு குடங்களோடு வாசலில் நின்றாள்.

"லைன் குடுத்துட்டாங்க சார். ஒரு பத்து நிமிசம் நல்லா வந்துகினு இருந்திச்சி. அப்பறம் இன்னாச்சோ தெர்ல, நின்னுட்ச்சி."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் அதற்குள் குடங்களை என் காலடியில் வைத்துவிட்டு, என் மனைவியின் துணியை மாற்ற உள்ளே போய்விட்டாள்.