எலினூருவின் வாழைத்தார்

பதினெட்டு வருஷம் தட்டுக் கழுவி, உருளைக்கிழங்கு உரித்து, பெரிய சமையல்காரர்கள் குறட்டை விட்ட நேரத்தில் அவர்கள் பானையையும் சேர்த்துக் கிண்டிய பிறகுதான் எலினூருவின் கைக்குத் தலைமைக் கரண்டி வந்தது. தரங்கிரே காட்டில் ஐந்து நாள் கூடார முகாம். நான்கு ஜெர்மன் விருந்தாளிகள். சமையல் முழுக்க அவள் பொறுப்பு. காட்டுச் சமையலுக்கு ஒரு பெண்ணைத் தலைமையாக அனுப்பச் சுற்றுலாக் கம்பெனி முதலாளிக்கு மனசே இல்லை. "ஒரு புகார் வந்தாலும் போதும், திரும்பக் கிடங்குல தட்டுக் கழுவத்தான்," என்று அருஷா நகரத்திலிருந்து கிளம்பும்போதே சொல்லி அனுப்பினார்.

புகாருக்கு அவள் இடம் கொடுப்பவளா? பக்கத்துப் புதரில் சிங்கம் உறுமினாலும் சூப்பில் உப்பு சரியாக இருக்கும். ரொட்டி திருட வந்த பபூன் குரங்குகள் அவள் வாயைக் கேட்டே வேறு முகாம் பார்த்துப் போயின.

வண்டியோட்டி ஷிரிமாவிடம் மட்டும் அந்த வாய் செல்லாது. அவன் கிளிமஞ்சாரோ அடிவாரத்துச் சக்காக்காரன். அவள் பாரே மலைக்காரி. இரண்டு கூட்டத்துக்கும் தலைமுறை தலைமுறையாக உடானி உறவு. நம் மாமன் மச்சான் கேலியெல்லாம் அதன் கால்தூசு பெறாது. ஒருவர் பொருளை மற்றவர் தூக்கிக்கொண்டு போகலாம், வாய்க்கு வந்தபடி வையலாம், சாவு வீட்டில் பிணத்தைக்கூடக் கிண்டல் பண்ணலாம். கோபப்படக் கூடாது. வெளியாளிடம் போய் முறையிட்டால் அதைவிடக் கேவலம் கிடையாது.

நான்காம் நாள், விருந்தாளிகளில் ஒரு டாக்டரம்மாவுக்கு அறுபது வயது நிறைந்தது. வாழைப்பழக் கேக் செய்து தருவதாக எலினூரு வாக்குக் கொடுத்திருந்தாள். பானைக்கு அடியிலும் கரி, மூடி மேலும் கரி வைத்து அவள் சுடும் கேக்குக்கு ரொட்டிக்கடைக்காரன்கூட ஈடாக மாட்டான். அதற்காகவே கொண்டுவந்த தார், கம்பிவலை அடித்த சமையலறையில் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. யானைக் காட்டில் கூடாரத்திலோ வண்டியிலோ பழம் வைக்கக் கூடாது. வைத்தால் யானையை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

மாவு சலித்துக்கொண்டிருந்தபோது ஷிரிமா உள்ளே வந்தான், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தான், தாரைத் தோளில் போட்டான்.

"சக்காக்காரன் வாழைத்தோட்டத்துல பொறந்தவன். வாழைக்குப் பாரேக்காரி பூட்டுப் போடுறதா? அடுக்குமா இது?"

"கீழ வை, திருட்டுப்பயலே! பக்கத்துல சில்லறையக் குலுக்கினா செத்த பொணமும் எழுந்து உக்கார்ற கூட்டம்தானே உங்க கூட்டம்!"

"வேணும்னா கோர்ட்டுக்குப் போ. ஒரு கோழிக்கு வழக்காட மாட்டை வித்தவங்கதானே நீங்க. தாரை மீட்கணும்னா மத்தியானம் எனக்கு ஆட்டு விலா ஒரு தட்டு!"

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. விலா எலும்பை நெருப்பில் போட்டாள். அரை மணி நேரம்தானே என்று அவன் தாரை ஜீப்பின் பின் இருக்கைக்கு அடியில் ஒளித்துவிட்டுக் குளிக்கப் போனான். இருபது வருஷம் காட்டில் வண்டி ஓட்டியவன் செய்கிற காரியமா அது! கேலி மும்முரத்தில் புத்தி பின்னால் நின்றுவிட்டது.

ஒற்றைக் கொம்பன் ஒன்று முகாமுக்குள் நடந்து வந்தது. அவசரமே இல்லை. ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றியது, கண்ணாடியை நெற்றியால் அழுத்தியது. கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. பிறகு கதவு. பிறகு பின் இருக்கை முழுசாக வெளியே வந்தது. யானை வாய்க்குப் போன கரும்பு திரும்புமா, தார்தான் திரும்புமா? இருக்கையில் கிடந்த டாக்டரம்மாவின் தொப்பியையும் சேர்த்து மென்றுவிட்டுப் போனது.

கூடார வாசலில் நின்று படமெடுத்த டாக்டரம்மா, இப்படி ஒரு பிறந்தநாள் எவளுக்கு வாய்க்கும் என்று கை தட்டினார். சோப்பு நுரையோடு ஓடிவந்த ஷிரிமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சத்தம் கேட்டு வந்த வனக்காவலர் சொல்லி, கால் மணி நேரத்தில் முதலாளி எலினூருவின் போனில் வந்தார். குரல் முகாம் முழுக்கக் கேட்டது.

"பழம் சமையல்காரியோட பொறுப்பு. வண்டிக்குள்ள எப்படிப் போச்சு? யாரு வச்சது?"

எலினூரு ஷிரிமாவைப் பார்த்தாள். ஒரு பெயரைச் சொன்னால் போதும், கரண்டி அவள் கையிலேயே இருக்கும். ஆனால் உடானிக்காரனை வெளியாளிடம் காட்டிக்கொடுத்துவிட்டு அவள் எந்த முகத்தோடு பாரே மலை ஏறுவாள்?

"என் பொறுப்புதான் ஐயா," என்றாள். "தப்பு என்னோட..."

முடிப்பதற்குள் போன் அவள் கையிலிருந்து ஷிரிமா கைக்குப் பறந்துவிட்டது.

"வச்சது நாந்தான், முதலாளி. அவ பூட்டித்தான் வச்சிருந்தா. நான் திருடி ஒளிச்சேன்."

"மூணு மாசம் வண்டிப் பக்கம் வராதே. அவ சமைக்கட்டும்." போன் அணைந்தது.

ஜூலை பிறக்கப் போகிறது. விருந்தாளிகள் வந்து குவியும் மாதங்கள் அத்தனையும் அவனுக்குப் போயின. எலினூரு கரண்டியோடு அவன்மேல் பாய்ந்தாள்.

"உன்னை யாருடா சொல்லச் சொன்னது? உன் வீட்ல நாலு வயிறு இருக்கே!"

"தாரை எடுத்தப்போ கோபப்பட்டியா? இல்லல்ல? இப்ப உன் பழியை எடுத்தேன். அதுவும் உன் பொருள்தானே! உடானிக்காரன் எடுத்தா கேக்கக் கூடாது. போய்ப் பூசணிக்காயப் போட்டாவது கேக்கைச் சுடு."

அவள் கண் நிறைந்து ஒரு சொட்டு விழுந்தது.

"பாத்தியா, பாரேக்காரிங்க கஞ்சம்னு சொல்றது பொய்யா? கண்ணீரைக்கூட எண்ணித்தான் விடுறா!"

எலினூரு கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, அவன் ஈரத்தோளைப் பிடித்துக்கொண்டு, கஞ்சத்தனமே பார்க்காமல் அழுதாள்.