மேஸ்திரி கேட்ட கல்வெட்டு

நன்றாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு அப்போதெல்லாம் தலைகால் புரியாது. கல்லூரி நாட்களில் பட்டிமன்றம் என்று எங்கே நோட்டீஸ் ஒட்டியிருந்தாலும் முதல் வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்துவிடுவேன். அதனால் எங்கள் நகர் நலச் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்து, அதில் தமிழய்யா நிற்கிறார் என்று தெரிந்ததும், என் ஓட்டு மட்டுமல்ல, எங்கள் தெரு ஓட்டு முழுவதையும் வாங்கித் தருவதாக நானே அவர் வீடு தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அப்போது எனக்கு ஆறாம் மாசம். அந்த வேகத்தில் அவ்வளவு தூரம் நடந்ததற்கு வீட்டில் திட்டு வாங்கினேன்.

எண்பதுகளின் பின்பாதி அது. பம்மலுக்கும் திருநீர்மலைக்கும் நடுவே நெல் விளைந்த நிலத்தில் கல் நட்டு மனை பிரித்திருந்தார்கள். அதில் கடைசித் தெருவில் கடைசி வீடு எங்களுடையது. சுவருக்குப் பூச்சு முடிவதற்குள் குடிவந்துவிட்டோம். மாடிப்படியில் நின்றால் மலைக்கோயில் தெரியும் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பேன். மெயின் ரோட்டுக்குப் போகிற வழியைப் பற்றி மட்டும் பேச்சு எடுக்கமாட்டேன். ஏரியின் உபரித் தண்ணீர் போகிற ஓடை ஒன்று எங்கள் ஒரே மண்பாதையின் குறுக்கே ஓடியது. வெயில் காலத்தில் அது வெறும் பள்ளம். சைக்கிளை இறக்கி ஏற்றிவிடலாம். ஐப்பசி பிறந்தால் இடுப்பளவு தண்ணீர். முந்தின வருஷ மழையில் என் கணவர் லுங்கியோடு அதைக் கடந்து, அக்கரையில் ஒரு மரத்தின் பின்னால் பேண்ட்டை மாட்டிக்கொண்டு, தாம்பரத்துக்கு பஸ் பிடித்தார்.

டாக்டரம்மா எனக்குக் குறித்துக் கொடுத்த தேதியும் ஐப்பசியில்தான் இருந்தது. அந்தத் தேதியைக் கேட்டதும் எனக்குக் குழந்தை ஞாபகம் வரவில்லை, ஓடைதான் ஞாபகம் வந்தது. வலி எடுத்தால் யார் என்னை எப்படித் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரைத் தாண்டுவார்கள்? அங்கே ஒரு சின்னப் பாலம் வந்தாக வேண்டும். அதுவும் மழைக்கு முன்னால் வந்தாக வேண்டும். யார் தலைவரானால் அது நடக்கும் என்பதுதான் என் வரையில் அந்தத் தேர்தல்.

இரண்டு பேர் நின்றார்கள். தமிழய்யா உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். அவர் 'பெரியோர்களே' என்று ஆரம்பித்தால் பால்காரர்கூட சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றுவிடுவார். இன்னொருவர் மேஸ்திரி. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். ரோடு போடுகிற இலாகாவில் கூலியாகச் சேர்ந்து, முப்பது வருஷம் வெயிலில் காய்ந்து, மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். பேசினால் எண்ணி நாலு வார்த்தை. அதிலும் ஒன்று 'இன்னா'.

என் கணவர் மேஸ்திரி கட்சி. சாப்பாட்டு நேரமெல்லாம் பிரசாரமாகவே போனது.

"அந்த மனுஷன் எத்தனை பாலம் கட்டியிருப்பார் தெரியுமா?"

"கட்டத் தெரிஞ்சா ஆச்சா? ஆபீசர் முன்னால போய் நின்னா வாயைத் திறக்க வேணாமா?"

"உங்க தமிழய்யா வாயைத் திறந்தா, அந்த ஆபீசர் ரிடையர் ஆனாலும் மூட மாட்டாரே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிர்க்கட்சிக்காரர் என்னைச் சிரிக்க வைத்ததற்குத் தண்டனையாக அவருக்கு அன்று அப்பளம் கிடையாது.

ஆனால் மேஸ்திரியை நான் வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்ல இப்போதும் நாக்கு கூசுகிறது. பாலம் கேட்டு அவர் ஏற்கெனவே சர்க்கார் ஆபீசில் ஒரு மனு கொடுத்துப் பார்த்திருந்தார். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று என்னிடம்தான் எழுதச் சொன்னார். சங்கத்தின் செயலாளர் சிமெண்ட் கடை பாய். அவர் கடையில் உட்கார்ந்து எழுதினேன். "ஓடையாண்ட ஒரு கல்வெட்டு போட்டுக் குடுக்கணும்னு எழுதும்மா" என்றார் மேஸ்திரி. சின்னப் பாலத்துக்கு இங்கிலீஷில் கல்வர்ட் என்று பெயர். ரோடு வேலைக்காரர்கள் வாயில் புழங்கிப் புழங்கி அது கல்வெட்டாகியிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதியதோடு, 'எங்கள் பகுதியில் கல்வெட்டு ஒன்றினை நிறுவித் தருமாறு' என்று என் தமிழையும் தாராளமாகக் கலந்துவிட்டேன். மேஸ்திரி படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாசம் கழித்து, மனுவையும் திருப்பி இணைத்துச் சங்கத்துக்குப் பதில் வந்தது. கல்வெட்டு நிறுவுவது அந்த அலுவலகத்தின் வேலை அல்லவாம். சங்கமே சொந்தச் செலவில் நிறுவிக்கொள்வதில் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லையாம். படித்ததும் என் காது இரண்டும் சூடாகிவிட்டன. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. மேஸ்திரிக்கு ஆபீசில் விவரமாகப் பேசத் தெரியவில்லை, அதனால்தான் காரியம் கெட்டது என்று தெருவில் பேச்சாகிவிட்டது. அந்தப் பேச்சைத் தமிழய்யாவுக்கு ஓட்டுக் கேட்கப் போன இரண்டு வீட்டில் நானும் சொன்னேன். என் தப்பு வெளியே வராமலிருக்க அது வசதியாக இருந்தது.

தேர்தல் ஒரு ஆடி ஞாயிற்றுக்கிழமை காலையில். காலி மனையில் ஷாமியானா போட்டு, வாடகைக்கு மைக் செட் வைத்து, கல்யாண வீடு தோற்றுவிடும் போலிருந்தது. வேட்பாளர்கள் இருவரும் பேச வேண்டும், பிறகு சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும் என்று பாய் அறிவித்தார். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படித் துடித்ததில்லை.

தமிழய்யா முதலில் எழுந்தார். கையில் ஒரு காகிதம்.

"நம் மேஸ்திரி அரசாங்கத்திடம் என்ன கேட்டார் தெரியுமா? கல்வெட்டு! எந்த மன்னன் இந்த ஓடையில் நீராடினான் என்று அதில் பொறிப்பது? எந்தப் போரில் நாம் கொசுக்களை வென்றோம் என்று அதில் செதுக்குவது?"

கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உள்ளேயிருந்து குழந்தை ஒரு உதை விட்டது. தமிழய்யா காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தச் செப்பேட்டைத் தீட்டிய புலவர் யாரோ?"

என் முத்து முத்தான கையெழுத்து முதல் வரிசை வரைக்கும் தெரிந்தது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மேஸ்திரி எழுந்து வந்து மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி நின்றார். பாய் அதை இழுத்து அவர் வாயருகே வைத்தார்.

"நான்தான் அப்டி எழுதச் சொன்னேன். எனக்கு அப்டித்தான் வாயில வரும். தப்புதான்." கொஞ்சம் நிறுத்தினார். "ஐப்பசிக்கு முன்னால போட்டுடணும். கடைசித் தெருவுல ஒரு பொண்ணு முழுகாம கீது. போன மழையில கம்பு வுட்டு ஆழம் பாத்து வெச்சிக்கீறேன். ரெண்டு வரிசை சிமெண்ட் பைப்பு போதும்."

அவ்வளவுதான். போய் உட்கார்ந்துவிட்டார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஒருவரும் கை தட்டவில்லை.

நான் எழுந்துவிட்டேன். "எங்கே போறே?" என்று என் கணவர் முழங்கையைப் பிடித்தார். உதறிவிட்டு மைக் முன்னால் போய் நின்றேன். எனக்கு அவ்வளவு கோபம். கோபமும் பாதி என் மேலேயேதான்.

"அந்த மனுவை எழுதினது நான். அவர் வாயில வந்ததைச் சரியா எழுதத் தெரியாத மக்கு நான்தான். அதை மறைச்சுட்டு, அவருக்குப் பேசத் தெரியலைன்னு ரெண்டு வீட்டுல சொன்னதும் நான்தான்." தமிழய்யா பக்கம் திரும்பினேன். "ஐயா, கல்வெட்டுன்னு அவர் எதைக் கேட்டார்னு உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?"

அவர் நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. "தெரியும்மா. சும்மா தமாஷுக்கு" என்றார்.

"எனக்கு ஐப்பசியில பிரசவம் ஐயா. தமாஷ் மேல ஏறி நான் ஓடையைத் தாண்ட முடியாது."

ஷாமியானா அதிர்ந்தது. விசில்கூட வந்தது. எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. மழை, பாம்பு, ரேஷன் கடைக்குப் போக முடியாதது, காய்ச்சல்காரப் பிள்ளைகள் என்று மூன்று நிமிஷம் வெளுத்து வாங்கினேன். நான் நிறுத்தியதும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இந்தம்மாவே நிக்கட்டும்பா. இன்னாமா பேசுது பாரு."

நாலு பேர் ஆமாம் என்றார்கள். பிறகு நாற்பது பேர். "இப்பவும் பேர் குடுக்கலாம்மா, தடையில்ல. என்ன சொல்றீங்க?" என்றார் பாய். தங்கைக்கு வழிவிட்டுத் தாம் விலகிக்கொள்ளத் தயார் என்று தமிழய்யா கைகூப்பினார்.

ஒளிப்பானேன், ஆசையாக இருந்தது. தலைவி என்று என்னை எல்லோரும் கூப்பிடுவதைக்கூட அந்த அரை நிமிஷத்தில் கேட்டுப் பார்த்துவிட்டேன். அப்போது மேஸ்திரி உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நில்லும்மா. நான் கூட வரேன்" என்றார்.

அவரும் நம்பிவிட்டார். ஒரு செங்கல்லை எடுத்து இன்னொரு செங்கல் மேல் வைத்திராத என்னை, மூன்று நிமிஷம் பேசிவிட்டேன் என்பதற்காக, முப்பது வருஷம் ரோடு போட்டவர் நம்பிவிட்டார். ஏறிய சூடெல்லாம் எனக்கு அங்கேயே இறங்கிவிட்டது.

"என் அனுபவம் மொத்தமே ஒரு மனு. அதுவும் தப்பு" என்றேன். கூட்டம் மறுபடி சிரித்தது. "மேஸ்திரி சார்தான் தலைவரா வரணும். இந்தத் தடவை மனு எழுத தமிழய்யா இருக்கார்."

அப்போதும் சீட்டுகள் எண்ணி முடிகிறவரை நான் பெட்டிப் பக்கத்திலிருந்து நகரவில்லை. தமிழய்யாவுக்கும் கொள்ளையாக விழுந்திருந்தது. கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில்தான் மேஸ்திரி ஜெயித்தார். என் கணவர் ஊரே பார்க்க விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

தமிழய்யா எழுதிய மனுவை எடுத்துக்கொண்டு மேஸ்திரி ஆபீசுக்கு நடையாய் நடந்தார். அங்கே அவர் என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. பேசியே இருக்கமாட்டார் என்றும், தினம் போய் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அவரைப் பார்க்கச் சகிக்காமல்தான் கொடுத்தார்கள் என்றும் பாய் சொல்வார். புரட்டாசியில் லாரியில் பைப்பு வந்து இறங்கியது.

ஐப்பசியில் மழை கொட்டிய ஒரு மத்தியானம் வலி கண்டது. ஆட்டோ எங்கள் வாசலுக்கே வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் கணவரின் சட்டையைக் கிழிகிற அளவுக்குப் பிடித்திருந்தேன். நெடுநேரம் கழித்து, "ஓடை வந்துட்டுதா?" என்று கேட்டேன்.

"அது எப்பவோ போச்சு. பல்லாவரமே வந்தாச்சு" என்றார்.

அன்று மைக்கில் நான் பேசியது இன்றைக்கும் ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பாலத்தைத் தாண்டியது மட்டும் எனக்குத் தெரியவே இல்லை.